அமெரிக்கக் கால்பந்து டிராஃப்டில் ரன்னிங் பேக்கை முதல் சுற்றிலேயே எடுத்தால் ரசிகர்கள் ஏன் கொதிக்கிறார்கள்?

டிராஃப்ட் என்பது அணிகள் முறைவைத்துப் புதுமுக வீரர்களை எடுக்கும் தேர்வு. ஆள் மேல் கோபமில்லை, கொடுத்த விலைதான், அதாவது அவருக்காகச் செலவான முதல் சுற்று வாய்ப்புதான் உறுத்துகிறது. ரன்னிங் பேக் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுபவர். ஒவ்வொரு ஓட்டத்திலும் அடி விழுவதால் பலர் 30 வயதுக்குள் ஓய்ந்துவிடுவார்கள். வழியமைத்துத் தரும் முன்வரிசை சொத்தையென்றால் திறமையும் வீண்.

2018-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் 2-ஆவது தேர்வாக சாக்வான் பார்க்லியை எடுத்தது. சிறந்த தாக்குதல் புதுமுக விருது அவருக்கு. அணிக்கோ 16 ஆட்டத்தில் 11 தோல்வி. அதே டிராஃப்டில், பின்னாளில் பெரிய நட்சத்திரமான குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) ஜாஷ் ஆலன் 7-ஆவதாகத்தான் போனார். வயிறு எரியாதா?

2024-இல் பார்க்லி, பரம வைரியான பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு மாறினார். அங்கே முன்வரிசை மதில் மாதிரி. 2,005 யார்டு ஓடினார், சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலும் வென்றார். ஜயன்ட்ஸ் ரசிகர்களிடம் மட்டும் இந்தப் பேச்சை எடுத்துவிடாதீர்கள்.