வீட்டுக்கல்விப் பிள்ளைகளோடு இரண்டு வாரம் சோழ நாட்டுப் பயணம்: எப்படித் திட்டமிடுவது?

தினம் ஓர் ஊரில் தங்காதீர்கள். மூட்டை கட்டுவதிலேயே பாதி நாள் போய்விடும். கும்பகோணத்தில் சமையலறையோடு வீடு எடுங்கள். தாராசுரம் பக்கத்திலேயே, தஞ்சாவூர் 40 கி.மீ. கங்கைகொண்ட சோழபுரமும் போய்த் திரும்பும் தூரம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்து ஜனவரி, பிப்ரவரியில் போங்கள்.

ஒரு நாள் வெளியே, மறுநாள் வீட்டில் எழுத்தும் வரைபடமும். பெரியவர்கள் அவசரத்தில் விடுவது இந்த இரண்டாம் நாளைத்தான்.

பெரிய கோயிலில் (கி.பி. 1010) விமான உயரத்தை அளக்கச் சொல்லலாம். ஒரு மீட்டர் குச்சி, 30 மீட்டர் நாடா போதும். காலையில், உச்சியின் நிழல் மதிலுக்குள் தரையில் விழும்போது, ஒரே நேரத்தில் குச்சி நிழலையும் விமான உச்சியின் நிழலையும் குறியுங்கள். விமான நிழலின் நீளத்தைக் குச்சி நிழலின் நீளத்தால் வகுத்தால் மீட்டரில் உயரம். விடை 60க்கு வெகு கீழே வந்தால், சுவரிலிருந்து அளந்திருப்பார்கள். உச்சி அடித்தளத்தின் நடுவுக்கு நேர்மேலே இருப்பதால், அளவு அந்த நடுப்புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். அதாவது நிழல் சுவருக்குச் செங்குத்தாக விழுந்தால், சுவரிலிருந்து அளந்த நீளத்தோடு அடித்தள அகலத்தில் பாதியைக் கூட்ட வேண்டும்; சாய்வாக விழுந்தால் இன்னும் சற்று அதிகம். நண்பகலில் செய்தால் கல்தரை வெறுங்காலைச் சுடும்.

தரங்கம்பாடியை 1620இல் டேனியர் கட்டிய கோட்டைக்காகக் கடைசியில் வையுங்கள். அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு வெள்ளி விடுமுறை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.