5 நிமிட மேடைக்கு 15,000 ரூபாயா?

கேள்வி: 8 மாதங்களுக்கு முன் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, நண்பருடன் சேர்ந்து ஸ்டார்ட்அப் தொடங்கினேன். நாலு பேரைத் தெரிந்து வைத்திருந்தால்தான் தொழில் நடக்கும் என்று எல்லோரும் சொல்வதால், கிண்டி, தரமணி, ஓ.எம்.ஆர். என்று எங்கே நெட்வொர்க்கிங் மீட் நடந்தாலும் போய்விடுகிறேன். இதுவரை 23 கூட்டங்கள். நுழைவுக் கட்டணம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். லிங்க்ட்இன்னில் 600 பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு வாடிக்கையாளர்கூட வரவில்லை. இப்போது ஓர் அமைப்பு, முதலீட்டாளர்கள் முன்னால் 5 நிமிடம் பேச 15,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா? பொதுவாகவே இந்தக் கூட்டங்களால் பயன் உண்டா, எல்லாமே ஏமாற்று வேலையா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மேடவாக்கம்

பதில்: கட்டாதீர்கள். நாளைக்கே போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

கம்பெனியில் பணம் போடுகிறவர் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார். கம்பெனி வளர்ந்தால்தான் அவருக்குக் காசு. அப்படியானால் நல்ல கம்பெனியைத் தேடி அலைவது அவர் வேலை. அந்தச் செலவும் அவருடையது. மேடைக்கு வாடகை வசூலிப்பவருக்கோ நீங்கள் வளர்ந்தாலும் ஒன்றுதான், கடையைச் சாத்தினாலும் ஒன்றுதான். 20 பேரிடம் 15,000 வாங்கினால் அன்று மாலையே 3 லட்சம் கைக்கு வந்துவிடுகிறது. முன்வரிசையில் உட்காரப்போகும் முதலீட்டாளர் கடைசியாக எந்தக் கம்பெனியில், எந்த வருஷம் பணம் போட்டார் என்று அந்த அமைப்பிடம் கேட்டுப் பாருங்கள். நேரான பதில் வருகிறதா என்று பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். 8 மாதமாகச் சம்பளம் பார்க்காத ஒருவரிடம் இப்படிக் கை நீட்டுகிறார்களே என்று படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆரம்ப கட்ட உதவிக்கு மாநில அரசின் டான்சீட் திட்டம் இருக்கிறது. ஸ்டார்ட்அப் டிஎன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். நடுவில் ஆள் தேவையில்லை.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. உங்கள் கடிதம் நான்கு பக்கம். எந்த ஹோட்டல், யார் பேசினார்கள், யாரோடு படம் எடுத்துக்கொண்டீர்கள், எத்தனை பேர் ‘பார்க்கலாம்’ என்றார்கள், எல்லாம் இருக்கிறது. உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று ஒரு வரி இல்லை. இரண்டு முறை படித்துவிட்டேன். மென்பொருளா, செயலியா, யாருக்கானது, அவர்களுடைய எந்தத் தொல்லையைத் தீர்க்கிறது, ஒன்றும் தெரியவில்லை. நான்கு பக்கத்தில் எனக்குச் சொல்லாததை, தட்டில் போண்டாவை வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பீர்கள் என்று நம்ப முடியவில்லை.

சில வருஷங்களுக்கு முன் கிண்டியில் அப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். கழுத்தில் பட்டை, நெஞ்சில் பெயர் அட்டை, மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர். திருப்பூரிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸில் வந்திருந்த ஒரு பெண் மட்டும் சுவரோரம் பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். லேப்டாப்பில் பேட்டரி நிற்காது; வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதனால் அவர் யாரையும் தேடிப் போகவில்லை. காபிக்காக அந்தப் பக்கம் வந்தவர்களிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். “நிட்டிங் முடிஞ்ச துணிய சாயப்பட்டறைக்கு எடை போட்டு அனுப்பறோமுங்க. திரும்பி வரும்போது எடை குறையுது. எவ்வளவு குறையறது நியாயம்னு மாசாமாசம் சண்டை. டெலிவரி நோட்ட போட்டோ எடுத்தா லாட் வாரியா எடையக் கணக்குப் போட்டுக் காட்டும்ங்க இது. ஒரு மாசம் சும்மா ஓட்டிப் பாக்க ஒரே ஒரு பட்டறை வேணும்ங்க.”

முதலீடு பற்றி மூச்சு விடவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அடித்துத் திருத்திய எடைக் கணக்கைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார், அதையும் காட்டினார். அருகில் நின்ற பெரியவர் ஏதோ ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தார். “பெருந்துறையில ஒரு பட்டறைக்கு நாங்கதாம்மா கணக்கு பாக்கறோம். அங்கயும் இதே ரோதனைதான். நம்பர் குடு, மொதலாளிகிட்ட பேசறேன்” என்றார். மேடையில் அப்போது யாரோ ‘கனவு காணுங்கள்’ என்று பேசிக்கொண்டிருந்தார். இந்த இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் நடந்த தொழில் என்று நான் கண்ணால் பார்த்தது இது ஒன்றுதான்.

ஆகவே கூட்டங்களே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அதிகம் பழகாதவர்களைச் சந்திப்பதில் பலன் உண்டு என்பதற்குக் கணக்கே இருக்கிறது. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் எழுதிய கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், ‘அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பீர்களா?’ என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 100-க்கு 17 பேர்தான். எப்போதாவது என்றவர்கள் 56. மீதிப் பேர் ரொம்ப அபூர்வம் என்றார்கள். தினம் பார்க்கும் நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தள்ளி நிற்பவரிடம்தான் நமக்குத் தெரியாத சேதி இருக்கும். பெருந்துறைப் பட்டறை அந்த ஆடிட்டர் ஆபீஸ்காரர் வழியாக வந்ததும் அப்படித்தான். ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குப் புரிந்தால்தானே அந்தச் சேதியைச் சொல்வார்?

இந்த ஊரின் பெரிய உதாரணத்தையும் பாருங்கள். சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் விலையை ஏற்றியதும், அதை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இணையத்தில் பொருமினார்கள். அதைப் படித்த கிரீஷுக்குப் பிடித்த பொறிதான் ஃப்ரெஷ்வொர்க்ஸ். கூட்டாளி கிடைத்தது வேலை பார்த்த இடத்தில். யோசனை கிடைத்தது வாடிக்கையாளரின் பொருமலில். உங்கள் பழைய டீமில் யாரெல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று என்றைக்காவது ஒரு பட்டியல் போட்டீர்களா?

போகத்தான் வேண்டும் என்றால், ஒரே முகங்கள் மாதாமாதம் வருகிற இடத்துக்குப் போங்கள். லினக்ஸ் என்ற இலவசக் கணினி இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்களின் சென்னைக் குழு 20 வருஷத்துக்கும் மேலாக இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடிவருகிறது. பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு ‘சென்னைப்பை’ (Chennaipy) என்ற குழு இருக்கிறது. காசு கிடையாது, கழுத்துப் பட்டை கிடையாது. ஒருவர் தான் செய்ததைத் திரையில் காட்டுவார். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் ‘இந்த இடத்தில் தப்பு வருமே’ என்பான். முதல் மாதம் யாருக்கும் உங்களைத் தெரியாது. நான்காம் மாதம் ‘போன தடவை சொன்னீங்களே, அது சரியாச்சா?’ என்று கேட்பார்கள். நட்பு அங்கேதான் பிடிக்கிறது. மென்பொருள் நிறுவனர்கள் தங்களுக்குள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளச் சென்னையில் தொடங்கிய சாஸ்பூமி என்ற அமைப்பும் இந்த வழியில் வளர்ந்ததுதான்: முன்னே போனவர், அடி வாங்கிய இடத்தைப் பின்னால் வருகிறவருக்குக் காட்டுவது. 23 வெவ்வேறு கூட்டங்களுக்கு ஒவ்வொரு தடவை போனதற்குப் பதில், ஒரே கூட்டத்துக்கு எட்டு மாதம் போயிருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கூட்டம் நடத்துகிறவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறரை மணி என்று அழைப்பில் போட்டுவிட்டு ஏழரைக்குத் தொடங்குகிறீர்கள். வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த பெண் எட்டு மணிக்கு எழுந்து போய்விடுகிறார். பேசிப் பழகும் நேரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பெண் தொழில்முனைவோர் ஏன் வருவதில்லை என்று அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கம் வேறு போடுகிறீர்கள். சனிக்கிழமை பிற்பகல் வைத்துப் பாருங்கள். தமிழில் கேட்ட கேள்விக்குத் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். சுவரோரம் நாலு மேஜையும் நாலு பிளக் பாயின்ட்டும் கொடுத்து, மேடைப் பேச்சைப் பாதியாகக் குறையுங்கள்.

மேடவாக்கம் நண்பரே, அந்த 15,000 உங்கள் கையிலேயே இருக்கட்டும். உங்கள் பொருளைப் பயன்படுத்தக்கூடிய பத்துப் பேரின் கடைக்கோ ஆபீசுக்கோ இந்த மாதம் நேரில் போங்கள். விற்க வேண்டாம், அவர்கள் இப்போது அந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு எனக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதுங்கள். யாருக்கு, என்ன செய்து தருகிறீர்கள், இப்போதைக்கு என்ன உதவி வேண்டும், மூன்றே வரி. உங்கள் அனுமதியோடு இதே பக்கத்தில் போடுகிறேன்.