வாசகர் கேள்வி பதில்: அடுத்த மடிக்கணினியில் எத்தனை அங்குலத் திரை வேண்டும்?

அடுத்து வாங்கவிருக்கும் மடிக்கணினியில் எந்த அளவுத் திரையை எதிர்பார்க்கிறீர்கள், இன்று கடைகளில் கிடைப்பவற்றில் எது குறையாகத் தெரிகிறது என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

என் மகள் இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கிறாள். மாதம் இருமுறை பேருந்தில் ஊருக்கு வருவாள். படிப்பதற்கு 15.6 அங்குலத் திரைதான் வசதி என்கிறார்கள் கடைக்காரர்கள். அவளோ 14 அங்குலம் போதும் என்கிறாள். யார் சொல்வது சரி? – தஞ்சாவூர் வாசகர்

உங்கள் மகள் சொல்வதே சரி. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் அங்குலம் என்ற ஒற்றை எண்ணோடு முடிந்துவிடுகிறது.

அந்த எண், திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை குறுக்காக அளந்தது. திரை எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்பதை அது சொல்வதில்லை. நெடுங்காலம் கடைகளில் நிறைந்திருந்த 15.6 அங்குலத் திரைகள் அகலமும் உயரமும் 16:9 என்ற விகிதத்தில் அமைந்தவை. அவற்றின் அகலம் ஏறத்தாழ 34.5 செ.மீ., உயரம் 19.4 செ.மீ. இப்போது வரும் 14 அங்குல மடிக்கணினிகளில் பல 16:10 விகிதத் திரையோடு வருகின்றன. இவற்றின் அகலம் 30.2 செ.மீ., உயரம் 18.8 செ.மீ. அதாவது பாடப்புத்தகத்தின் பக்கத்தையோ நிரலின் வரிகளையோ மேலிருந்து கீழாகப் படிக்கும் ஒருவருக்கு, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். படத்தை உருவாக்கும் புள்ளிகளின் (பிக்சல்) கணக்கில் பார்த்தால் சிறிய திரையே முந்துகிறது: 15.6 அங்குலத் திரையில் 1920 x 1080 புள்ளிகள் இருப்பதே வழக்கம். 16:10 விகிதமுள்ள 14 அங்குலத் திரையில் 1920 x 1200.

பெரிய திரையில் கூடுதலாகக் கிடைப்பது பக்கவாட்டு இடம். திரைப்படம் பார்க்கவும், இரண்டு சாளரங்களை அருகருகே வைத்து வேலை செய்யவும் அது உதவும். அதற்காகச் சுமக்க வேண்டிய எடையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 14 அங்குல மாடல்கள் பொதுவாக 1.3 முதல் 1.5 கிலோ வரையிலும், சாதாரண 15.6 அங்குல மாடல்கள் 1.6 முதல் 1.8 கிலோ வரையிலும் இருக்கின்றன. படக் கணக்குகளுக்கென்றே தனி கிராபிக்ஸ் அட்டை உள்ளவை இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். அவற்றின் சார்ஜரே அரைக் கிலோவுக்கு மேல் வரும். விவரக்குறிப்பில் அச்சிட்டிருக்கும் எடையில் சார்ஜர் சேராது என்பதால், இரண்டையும் ஒன்றாகப் பையில் போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். விடுதி அறையில் பெரிய திரை வேண்டும் என்று பின்னர் தோன்றினால், 24 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி இணைத்துக்கொள்ளலாம். எடையைக் குறைக்க அப்படி ஒரு வழி கிடையாது.

மகளிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அவளது பாடப்பிரிவில் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள்கள் அன்றாட வேலையாக இருக்குமானால், தனி கிராபிக்ஸ் அட்டை தேவைப்படும்; அப்போது 15.6 அல்லது 16 அங்குலத்துக்குப் போவதில் நியாயம் உண்டு.

தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுவதும் டேலியில் எண்களைப் பதிவு செய்யும் எனக்கு நம்பர் பேட் இல்லாமல் முடியாது. 14 அங்குல மடிக்கணினியில் அதை ஏன் வைப்பதில்லை? வரும் மாடல்களிலாவது வைப்பார்களா? – ஈரோடு வாசகர்

வைக்க இடமில்லை. மேசைக் கணினியின் கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை ஏறத்தாழ 19 மி.மீ. தொலைவு இருக்கும், விரல்கள் பழகியிருப்பது அந்த இடைவெளிக்குத்தான். எழுத்து விசைகளும் அவற்றின் இருபுறமுள்ள ஷிஃப்ட், என்டர் போன்ற விசைகளும் மட்டுமே அந்த அளவில் 28 செ.மீ.க்கு மேல் இடம் பிடித்துவிடுகின்றன. நம்பர் பேடையும் சேர்த்தால், எண் விசைகளைச் சற்றுக் குறுக்கினாலும், 35 செ.மீ. வந்துவிடும். 14 அங்குல மடிக்கணினியின் மொத்த உடலே 31, 32 செ.மீ. அகலம்தான் என்பதால், இது வரும் ஆண்டுகளிலும் மாறப்போவதில்லை. அசூஸ் நிறுவனம் சில மாடல்களில் டச்பேடின் மீதே எண்களை ஒளிரச் செய்து ஒரு மாற்று தந்திருக்கிறது. இடைக்கிடையே ஒரு தொகையை உள்ளிட அது போதும், நாள் முழுவதும் பார்க்காமல் தட்டும் கைகளுக்கு அது ஈடாகாது.

உங்கள் வேலைக்குப் பொருத்தமானது 16 அங்குலம். 16:10 விகிதமுள்ள 16 அங்குலத் திரையின் அகலமும் பழைய 15.6 அங்குலத் திரையின் அகலமும் ஒன்றே, இரண்டும் 34.5 செ.மீ.; உயரம் மட்டும் 19.4 செ.மீ.யிலிருந்து 21.5 செ.மீ.யாகக் கூடுகிறது. பேரேட்டில் கூடுதலாகச் சில வரிகள் ஒரே பார்வையில் தெரியும், மேசையில் பக்கவாட்டில் பிடிக்கும் இடமும் கூடாது. ஆனால் 16 அங்குல மாடல்கள் எல்லாவற்றிலும் நம்பர் பேட் இருப்பதில்லை; விலை கூடிய சிலவற்றில் அந்த இடத்தில் ஒலிபெருக்கிகளை வைத்துவிடுகிறார்கள். கீபோர்டைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தால், 14 அங்குல மடிக்கணினியோடு யூஎஸ்பி நம்பர் பேட் ஒன்றைத் தனியாக வாங்கி அலுவலக மேசையிலேயே வைத்துக்கொள்வது இன்னொரு நல்ல வழி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்தித் தருகிறேன். என் பழைய 15.6 அங்குல மடிக்கணினியில் ன, ண, ள, ழ எல்லாம் கண்ணைக் குத்துகின்றன. 17 அங்குலம் வாங்கினால் சரியாகுமா? – மதுரை வாசகர்

திரையைப் பெரிதாக்குவதால் மட்டும் சரியாகாது. உங்கள் பழைய கணினி 1366 x 768 புள்ளிகள் கொண்டதாக இருக்கக்கூடும். 15.6 அங்குலத் திரையில் அது அங்குலத்துக்கு 100 புள்ளிகள் மட்டுமே. நேர்க்கோடுகள் மிகுந்த ஆங்கில எழுத்துகளை அந்த அளவில் ஒருவாறு படித்துவிடலாம். சுழிகளும் வளைவுகளும் மேலே புள்ளியும் கொண்ட தமிழ் எழுத்துகளுக்கு அது போதாது. ‘ண’கரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், ஒற்றுப்புள்ளி இருக்கிறதா இல்லையா என்று ஐயம் வருவதும் அதனால்தான். மெய்ப்புத் திருத்துபவருக்கு இது கண்வலியோடு நிற்காமல் வேலையின் தரத்தையே பாதிக்கிறது. 1920 x 1200 புள்ளிகளுள்ள 14 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 162 புள்ளிகளும், 2880 x 1800 புள்ளிகளுள்ள 14 அங்குலத் திரையில் 243 புள்ளிகளும் வருகின்றன. பின்னதில் தமிழ் எழுத்து ஏறத்தாழ அச்சுப் புத்தகத்தில் தெரிவதுபோலத் தெளிவாகத் தெரியும்.

எழுத்தின் தெளிவு வேறு, எழுத்தின் அளவு வேறு. விண்டோஸ் அமைப்புகளில் திரைக்கான பகுதிக்குச் சென்று ஸ்கேல் என்ற இடத்தில் 150 விழுக்காடு வைத்துக்கொண்டால் எழுத்துகள் பெரிதாகும். ஆனால் திரையில் கொள்ளும் பொருள் குறையும். ஆகவே உங்களுக்கு இரண்டும் வேண்டும்: புள்ளிகள் நெருக்கமாகவும் இருக்க வேண்டும், பெரிதாக்கிய எழுத்துக்கு இடமும் இருக்க வேண்டும். 2560 x 1600 புள்ளிகளுள்ள 16 அங்குலத் திரையைப் பரிந்துரைக்கிறேன். கண்ணாடிபோல மின்னும் திரையைத் தவிர்த்து, ஒளியைத் திருப்பி அடிக்காத மங்கல் பரப்புள்ள திரையைக் கேளுங்கள். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளின் கருமையும் நிறங்களும் அழகானவைதாம். எனினும் வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது அவற்றுள் பல மிக வேகமாக அணைந்து எரிவதால் சிலருக்குத் தலைவலி வருகிறது. நாள் முழுவதும் படிப்பவர் வாங்குமுன் அரைமணி நேரமாவது பார்த்துவிட வேண்டும்.

ஒரு காலத்தில் 10, 11 அங்குலத்தில் எவ்வளவோ சிறிய மடிக்கணினிகள் வந்தன. அவை திரும்ப வருமா? – கோயம்புத்தூர் வாசகர்

2007இல் அசூஸ் வெளியிட்ட ஈ பிசியின் திரை 7 அங்குலம்தான். அதைத் தொடர்ந்து நெட்புக் என்ற பெயரில் பல வந்தன. ஆப்பிள் 2010இல் 11.6 அங்குல மேக்புக் ஏரையும், 2015இல் ஒரு கிலோவுக்கும் குறைவான 12 அங்குல மேக்புக்கையும் கொண்டுவந்து, முன்னதை 2016இலும் பின்னதை 2019இலும் நிறுத்திவிட்டது. ஒரு பகுதி வேலையைக் கைப்பேசியும் டேப்லெட்டும் எடுத்துக்கொண்டன என்பது உண்மை. அதைவிட முக்கியமான காரணம், திரையைச் சுற்றியிருந்த விளிம்பு மெலிந்துபோனது. அந்த 11.6 அங்குல ஏரின் உடல் 30 செ.மீ. அகலம், 2022இல் வந்த 13.6 அங்குல ஏரின் உடலும் 30.4 செ.மீ. அகலம்தான். உடலின் அகலம் ஏறக்குறைய அப்படியே இருக்க, உள்ளே இரண்டு அங்குலம் கூடுதலான திரை பொருந்திவிட்டது. கீபோர்டுக்கே 28 செ.மீ. வேண்டும் என்று மேலே சொன்னதை நினைவில் கொண்டால், 13 அங்குலத்துக்குக் கீழே போவதில் தயாரிப்பாளர்களுக்கு ஆதாயமில்லை என்பது விளங்கும். நீங்கள் விரும்பிய அந்தக் கையடக்க அளவு இன்றும் இருக்கிறது. 13 அங்குலம் என்ற பெயரில் அதைத் தேடுங்கள்.

சுருளும் திரை, மடங்கும் திரை என்கிறார்களே, அதற்காகக் காத்திருக்கலாமா? – சென்னை வாசகி

வேண்டாம். லெனோவா 2025இல் 14 அங்குலத்திலிருந்து 16.7 அங்குலமாக மேல்நோக்கி நீளும் திரையுள்ள மாடலை அறிமுகப்படுத்தியது; அதன் விலை அமெரிக்காவிலேயே மூவாயிரம் டாலருக்கு மேல். பழுதானால் திரையை மாற்ற என்ன செலவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

புதிய மாடல்கள் வரும்வரை பொறுத்திருந்தால் விலை குறையுமா? ஏஐ வசதி உள்ளதைத்தான் வாங்க வேண்டுமா? – திருநெல்வேலி வாசகர்

புதிய பிராசசர்கள் பெரும்பாலும் ஜனவரியில் லாஸ் வேகஸில் நடக்கும் சிஇஎஸ் கண்காட்சியிலும், ஆண்டின் நடுவில் தைபேயில் நடக்கும் கம்ப்யூடெக்ஸிலும் அறிவிக்கப்படுகின்றன. அவை நம் ஊர்க் கடைகளுக்கு வந்து சேரும் வேளையில் முந்தைய ஆண்டு மாடல்களின் விலை இறங்குவதே பல ஆண்டுகளாக நாம் கண்ட வழக்கம். அந்த வழக்கத்தை நம்பி இப்போது காத்திருக்க வேண்டாம் என்பேன். ஏஐ தரவு மையங்களுக்கு நினைவக சில்லுகள் பெருமளவில் தேவைப்படுவதால், 2025இன் பிற்பகுதியிலிருந்து கணினியின் தற்காலிக நினைவகமான ரேமின் விலை கடுமையாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு நேரடியாக விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் சாதனம்) வணிகத்தைக் கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. வரி குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கும் ஏமாற்றமே. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றப்பட்டபோது, மடிக்கணினிக்கான 18 விழுக்காடு அப்படியே தொடர்ந்தது.

ஏஐ வசதியைப் பொறுத்தவரை, மைக்ரோசாஃப்ட் தன் கோபைலட் பிளஸ் பெயரைத் தர, ஏஐ வேலைகளுக்கென்றே நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளைச் செய்யும் தனிப் பகுதியும், குறைந்தது 16 ஜிபி ரேமும் வேண்டும் என்று 2024இல் வரையறுத்தது. அந்தத் தனிப் பகுதியைவிட 16 ஜிபி ரேம்தான் இன்றைய அன்றாட வேலைக்கு உண்மையில் பயன்படுவது. மெலிந்த மாடல்கள் பலவற்றில் ரேம் பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். பிற்காலத்தில் கூட்ட முடியாது. “ரேம் ஸ்லாட் இருக்கிறதா, எத்தனை?” என்று கடையில் கேளுங்கள். ஸ்லாட் இல்லையென்றால் 8 ஜிபி மாடலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நாம் எதிர்பார்ப்பதை நிறுவனங்கள் காதில் வாங்குகின்றனவா? – புதுச்சேரி வாசகி

தாமதமாகவேனும் வாங்குகின்றன. ஆப்பிள் 2016இல் மேக்புக் புரோவிலிருந்து எச்டிஎம்ஐ, மெமரி கார்டு துளைகளை நீக்கியது. பயனர்கள் விடாமல் குறை சொன்னார்கள். 2021இல் வந்த 14, 16 அங்குல மாடல்களில் அவை இரண்டும் திரும்பிவிட்டன. தொலைக்காட்சித் திரைகளை ஒட்டி 16:9க்குப் போன மடிக்கணினிகள், வேலை செய்பவர்களுக்கு உயரமே முக்கியம் என்று உணர்ந்து 16:10க்கு மீண்டதையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

ஆனால் இந்த மாற்றங்கள் முதலில் விலை கூடிய மாடல்களுக்கே வருகின்றன என்பது எனக்கு ஆறாத குறை. ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் வாங்கும் நடுத்தரக் குடும்பத்து மாணவருக்கு இன்னமும் 250 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சமும் வெளிறிய நிறங்களும் கொண்ட திரையே தரப்படுகிறது. சன்னலோரம் அமர்ந்தால் அதில் எழுத்து தெரியாது. திரையின் அங்குலத்தைக் கேட்கும் ஒவ்வொருவரும் நிட் எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். 300க்குக் குறைந்ததை மறுக்க வேண்டும்.

மற்ற இரண்டு எதிர்பார்ப்புகளுக்குச் சட்டமே துணை வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஏப்ரல் 28 முதல் விற்பனைக்கு வரும் மடிக்கணினிகள் யூஎஸ்பி டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆக வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல், கையில் எடுத்துச் செல்லும் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றக்கூடியதாக அமைக்க வேண்டும் என்ற விதியும் அங்கே நடைமுறைக்கு வருகிறது. உலகச் சந்தை முழுவதற்கும் ஒரே வடிவமைப்பைச் செய்வதே நிறுவனங்களுக்குச் சிக்கனம் என்பதால், இதன் பயன் நமக்கும் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதுவரை, வாங்கப்போகும் மாடலின் பேட்டரி தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறதா, என்ன விலை என்பதை அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.