கறுப்பு டி-சர்ட்டும் கிரகப்பிரவேசமும்

கேள்வி: எனக்கு 47 வயது. சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாட்களில் மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை என்றால் உயிர். பிடித்த இசைக்குழுவின் டி-சர்ட் அப்போது கடையில் கிடைக்காது. வெறும் கறுப்பு டி-சர்ட் வாங்கி, ஃபேப்ரிக் பெயின்ட்டில் நானே அயர்ன் மெய்டன் என்று எழுதிப் போட்டுக்கொள்வேன். தோளுக்குக் கீழே வளர்த்திருந்த முடியை 1999-ல் முதல் வேலைக்கான நேர்காணலுக்காக வெட்டினேன். கறுப்பை மட்டும் விடவில்லை. 2007 மார்ச்சில் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் கச்சேரிக்குப் போனபோது வாங்கிய டி-சர்ட்டை இன்றும் போடுகிறேன். போன மாதம் மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கறுப்புச் சட்டையில் போனேன். மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘வயசுக்குத் தகுந்த மாதிரி உடுத்துங்க’ என்கிறாள் மனைவி. ஆபீசில் ஒரு பையன் என் டி-சர்ட்டைப் பார்த்து ‘சார், வின்டேஜா?’ என்றான். எல்லாவற்றுக்கும் மேல், பிளஸ் டூ படிக்கும் என் மகள் மாலில் மெட்டாலிகா டி-சர்ட் வாங்கி வந்திருக்கிறாள். அவர்கள் பாட்டு ஒன்றுகூடக் கேட்டதில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. நான் மாற வேண்டுமா?

– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், சென்னை

பதில்: மாற வேண்டாம். ஆனால் அந்த 2007 டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு இனி வெளியே போகாதீர்கள். இரண்டும் வேறு வேறு விஷயம் என்பதைச் சொல்ல என் பேன்ட் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் உங்களைவிட 18 வயது மூத்தவன். என் காலத்துப் பைத்தியம் பெல்பாட்டம். 1978-ல் எங்கள் தெரு டெய்லரிடம் போய் பாட்டம் 26 இன்ச் வேண்டும் என்று நின்றேன். அவர் நோட்டில் எழுதவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். ‘தம்பி, இந்தத் துணிக்கு உங்க அப்பாவுக்கு ரெண்டு பேன்ட் தைக்கலாம்’ என்றார். முனகிக்கொண்டேதான் தைத்துக் கொடுத்தார். தரையில் இழுபட்டுக் கீழ்மடிப்பு நைந்துபோகாமல் இருக்க, அதைச் சுற்றி ஜிப் வைத்துத் தைப்பது அப்போது வழக்கம். சிமென்ட் தரையில் நடந்தால் சரக் சரக் என்று கேட்கும். ஆள் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும், அதில் எனக்கு அவ்வளவு பெருமை. இரண்டாவது வருஷம் வலது கால் சைக்கிள் செயினில் மாட்டிக் கிழிந்தது. கிரீஸ் கறை போகவேயில்லை. அம்மா காலுக்கு ஒரு பையாக வெட்டித் தைத்துவிட்டார். ரேஷன் கடைக்கு அதையே தூக்கிக்கொண்டு போனேன்.

அப்புறம் பேரலல் வந்தது, பேகி வந்தது, எனக்குக் கல்யாணமானது, தொப்பை விழுந்தது. ஆனால் இன்றைக்கும் டெய்லர் டேப்பைக் காலடியில் வைத்து ‘பாட்டம்?’ என்று கேட்டால் என் வாய் தானாக ‘18’ என்கிறது. சுற்றிலும் எல்லாரும் 14, 15 என்று தைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது கணுக்காலை யாரோ கையால் பிடித்திருப்பதுபோல இருக்கிறது. 26-ல் மிச்சம் இந்த 18-தான். தெருவில் என்னைப் பார்ப்பவர்களுக்கு அது பெல்பாட்டத்தின் மிச்சம் என்று தெரியாது. எனக்குத் தெரியும், போதும்.

உங்களுக்கும் அப்படி ஒரு 18 இருக்கும். அது எது என்று கண்டுபிடிப்பதுதான் இப்போது வேலை. கறுப்பு நிறமா, முரட்டு ஜீன்ஸா, தடித்த பெல்ட்டா, மோதிரமா? ஒவ்வொன்றாக ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். எது இல்லாமல் கை பரபரக்கிறதோ அது உங்களுடையது. மற்றதெல்லாம் அந்தக் காலத்துக் கூட்டத்தினுடையது.

இருபதுகளில் உடை என்பது ஒரு டிக்கெட். 2007-ல் நீங்கள் பெங்களூரு ரயிலில் ஏறியபோது, பேசாமலே, டி-சர்ட்டைப் பார்த்தே யார் உங்கள் ஆள் என்று தெரிந்திருக்கும். அந்தக் கூட்டம் இப்போது எங்கே? ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், ஒருவர் சுகர் மாத்திரை போடுவார். ரயிலும் போய்விட்டது, டிக்கெட் பார்ப்பவரும் ரிட்டயர் ஆகிவிட்டார். நீங்கள் மட்டும் நீட்டிக்கொண்டே நிற்கிறீர்கள். ‘வின்டேஜா?’ என்று கேட்ட பையன் கிண்டல் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். அது என்ன டிக்கெட் என்று அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. நீங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். முடியை 1999-லேயே வேலைக்காக விட்டுக்கொடுத்துவிட்டீர்கள். பெரிய இழப்பு அன்றைக்கே நடந்துவிட்டது, அதைப் பற்றி யாரிடமும் சண்டை போடவில்லை. அந்தச் சண்டையைத்தான் இப்போது மாமியாரிடம் போடுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

‘வயசுக்குத் தகுந்த’ என்று உங்கள் மனைவி சொல்வதையும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். வயசுக்குத் தகுந்த உடை என்று தனியாக எதுவும் தைக்கப்படுவதில்லை. நாம் சின்ன வயதில் ‘பெரியவர் சட்டை’ என்று நினைத்த டெரிலின் சட்டை 1960-களில் இளவட்டங்களின் மோகமாக இருந்தது. அன்று ஆசையாக வாங்கியவர்கள் அதே வெட்டை விடாமல் போட்டு மூப்படைந்தார்கள். நாம் அவர்களைத் தலை நரைத்த பிறகுதான் பார்த்தோம்.

இந்த மாதிரிக் கூட்ட உடைகளில் சில நன்றாக மூப்படையும், சில அடையாது. இங்கிலாந்தில் 1960-களின் ‘மாட்’ பையன்களுக்குப் பிரச்சினையே இல்லை. அவர்கள் உடலோடு ஒட்டித் தைத்த கோட் சூட் போட்டவர்கள். ஸ்கூட்டரில் போகும்போது சூட் அழுக்காகாமல் இருக்கத்தான் மேலே ராணுவப் பார்கா, தொப்பி வைத்த நீளமான மேல்கோட். பார்காவைக் கழற்றினால் அப்படியே ஆபீசுக்குப் போகலாம். 1970-களின் பங்க் இசைக் கூட்டத்துக்குத்தான் கஷ்டம். கிழிசலும் ஊக்கும் ஐம்பது வயதில் வேறு அர்த்தம் கொடுக்கும். ஆனால் அந்த உடையை லண்டன் கிங்ஸ் ரோட்டுக் கடையில் உருவாக்கிய விவியன் வெஸ்ட்வுட்டைப் பாருங்கள். கிழிசலோடு நின்றுவிடவில்லை. ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணியையும் பழங்காலத்து வெட்டையும் பிடித்துக்கொண்டு, 2022-ல் 81 வயதில் இறக்கும்வரை யாருக்கும் அடங்காதவராகவே உடுத்தினார். நடுவில் பிரிட்டிஷ் அரசு கொடுக்கும் டேம் பட்டமும் வாங்கினார். அந்தக் கட்டம்தான் அவருடைய 18.

உங்கள் ஆட்களில் மோட்டர்ஹெட் குழுவின் பாடகர் லெம்மி 70 வயதில் சாகும்வரை கறுப்புத் தொப்பி, கறுப்புச் சட்டை, பூட்ஸோடுதான் இருந்தார் என்று நீங்கள் எனக்குப் பதில் எழுதுவீர்கள். சரி. அவருக்கு மேடைதான் ஆபீஸ், அது ஆபீஸ் உடை.

மெட்டல் உடை மூப்படைவது சுலபம் என்பதுதான் உங்கள் அதிர்ஷ்டம். அடிப்படையில் கறுப்பும் ஜீன்ஸும்தானே. ஆனால் தமிழ்நாட்டில் கறுப்பு ஏற்கெனவே ஆள் உள்ள நிறம். கார்த்திகை, மார்கழியில் கறுப்பில் போனால் ‘சாமி, எந்த மலைக்கு?’ என்பார்கள். மற்ற மாதங்களில் ‘தி.க.வா?’ என்பார்கள். திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டை 1940-களின் நடுவில் வந்தது. அப்போது பெரியாருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 94 வயதில் மறையும்வரை அவரைக் கறுப்பில்தான் பார்த்தார்கள். வயசுக்குத் தகுந்த மாதிரி என்று உங்கள் மனைவி மறுபடி சொன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள். எடுபடாது, ஆனாலும் சொல்லலாம்.

கிரகப்பிரவேசத்தில் தப்பு உங்கள் பக்கம்தான். கறுப்பு ஆகாது என்பதை நீங்கள் நம்ப வேண்டாம், நானும் நம்புவதில்லை. ஆனால் அது அவர்கள் வீடு, அவர்கள் கடன் வாங்கிக் கட்டிய வீடு. பால் காய்ச்சுகிற அன்றைக்கு உங்கள் இளமைக்கு அங்கே என்ன வேலை? அடர் நீலமோ, பாட்டில் பச்சையோ ஒரு சட்டையும் வேட்டியும் போதும். மண்டையோட்டு மோதிரம் இன்னும் கையில் இருந்தால் அது இருக்கட்டும். பந்தியில் யாராவது சின்னப் பையன் கண்டுபிடித்துக் கேட்பான்.

இனி மகள். உங்கள் கடிதத்தின் உண்மையான விஷயம் இதுதான்.

நீங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள உழைத்தீர்கள். தேடிப் பிடித்துக் கேட்டீர்கள், பெயின்ட் காயும்வரை டி-சர்ட்டைக் காற்றாடியின் கீழே விரித்துவைத்துக் காத்திருந்திருப்பீர்கள். அவள் மாலில் கார்டைத் தேய்த்து வாங்கிவிட்டாள். மெட்டாலிகா 2011 அக்டோபரில் அதே பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது அவளுக்கு மூன்று வயதுதான் இருந்திருக்கும். ‘மூணு பாட்டு சொல்லு பார்ப்போம்’ என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் அதுதான் உங்கள் கூட்டத்தின் மிகப் பழைய கெட்ட பழக்கம்.

ஒன்று யோசியுங்கள். மெட்டல் என்றாலே நினைவுக்கு வரும் தோல் ஜாக்கெட், ஆணி பதித்த பெல்ட், மணிக்கட்டுப் பட்டை எல்லாம் எங்கிருந்து வந்தன? 1970-களின் கடைசியில் ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் அவற்றை மேடைக்குக் கொண்டுவந்தார். வாங்கிய இடம், லண்டனில் தன்பாலீர்ப்பு ஆண்களுக்கான தோல் உடைக் கடை. தானும் தன்பாலீர்ப்பாளர் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது 1998-ல். நடுவில் இருபது வருஷம், உலகம் முழுக்க மீசை முளைக்காத பையன்கள் அதையே ஆம்பளைத்தனத்தின் அடையாளம் என்று மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். யாரும் அவர்களிடம் மூன்று கேள்வி கேட்கவில்லை. உடை எப்போதும் கதையைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் கிளம்பும். நீங்கள் ஃபேப்ரிக் பெயின்ட்டில் எழுதியதற்கு யாரிடம் உரிமம் வாங்கினீர்கள்?

அவளுக்கு அந்த எழுத்தின் கூர் முனை பிடித்திருக்கலாம். வீட்டில் இத்தனை வருஷம் அப்பா மேல் பார்த்த கறுப்பு பிடித்திருக்கலாம். நான் இதை அழுத்திச் சொல்லவில்லை. மாலில் தள்ளுபடியாகவும் இருந்திருக்கலாம்.

இப்போது துணி விஷயம். மீடியம் சைஸ் 2007-ஓடு போய்விட்டது, அதை ஒத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வருஷம் துவைத்த கறுப்பு, கறுப்பாக இருக்காது. பழுப்பும் சாம்பலும் கலந்த ஒன்றாக இருக்கும். கழுத்து தொளதொளத்திருக்கும், அச்சு வெடித்திருக்கும். அதைப் போடும்போது ஊருக்குத் தெரிவது அயர்ன் மெய்டன் அல்ல, தொப்பைதான். அச்சு இல்லாத நல்ல கறுப்பு டி-சர்ட் நான்கு வாங்குங்கள், 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பருத்தி. திருப்பூர்ச் சரக்கிலேயே நன்றாகக் கிடைக்கும். தோள் தையல் சரியாகத் தோள் எலும்பின் மேல் உட்கார வேண்டும், கையைத் தூக்கினால் வயிறு தெரியக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. இறுக்கமாக மட்டும் வேண்டாம். பாலைவனத்தில் பெதூயின் நாடோடிகள் ஏன் கறுப்பு அங்கி போடுகிறார்கள் என்று 1980-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தொளதொளவென்று இருந்தால், உள்ளே உடம்புக்குப் போய்ச் சேரும் சூட்டில் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுதான் என்று அளந்து சொன்னார்கள். கறுப்புத் துணி கூடுதலாக வாங்கும் சூடு, தோலைத் தொடும் முன்பே காற்றில் போய்விடுகிறது. சென்னை வெயிலில் கறுப்பை விட முடியாதவருக்கு இது நல்ல செய்தி.

ஆபீஸ் சட்டைக்கு மட்டும் முழுக் கறுப்பு வேண்டாம் என்பேன். வியர்வை காய்ந்தால் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு தெரியும். கரி நிறம் எடுங்கள், கறுப்பின் தம்பிதான், உப்பையும் காட்டிக்கொடுக்காது.

பழைய டி-சர்ட்டை என்ன செய்வது? சட்டம் போட்டு மாட்டாதீர்கள், வீடு அருங்காட்சியகம் ஆகிவிடும். ராத்திரி வீட்டில் போட்டுத் தூங்குங்கள். மகளுக்கு நீங்களாகக் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் கூடவே ஒரு பிரசங்கமும் கொடுப்பீர்கள். அவளாகக் கேட்டால் கொடுங்கள். மீடியம் அவளுக்குச் சரியாக இருக்கும். அப்போதும் கச்சேரிக் கதையை ஆரம்பிக்காதீர்கள். உள்பக்கம் திருப்பித் துவைக்கணும், நிழலில் காய வைக்கணும், அச்சு மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது, இந்த மூன்றை மட்டும் சொல்லுங்கள்.