துவாலு திருச்சபை: கேட்டவையும் பதில்களும்

துவாலு நாட்டுச் சபையின் வரலாற்றைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அதுபற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

துவாலு எங்கே இருக்கிறது? சபை எவ்வளவு பெரியது?

ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே, பசிபிக் கடலில். ஒன்பது தீவுகள், எல்லாம் சேர்ந்து 26 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் சுமார் 11,000 பேர். பத்தில் எட்டு பேருக்கு மேல் ஒரே சபை, துவாலு கிறிஸ்தவ சபை.

அங்கே முதலில் போன வெள்ளைக்கார மிஷனரி யார்?

சபையைத் தொடங்கி வைத்தவர் வெள்ளைக்காரரே இல்லை. குக் தீவுகளில் மனிஹிகி என்று ஒரு தீவு உண்டு. அந்த ஊர்ச் சபையில் எலெகானா என்று ஒரு டீக்கன் இருந்தார். 1861ல் அவரும் சிலரும் நாற்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் பக்கத்துத் தீவிலிருந்து வீடு திரும்பப் படகு ஏறினார்கள். புயல் அடித்துத் தள்ளிவிட்டது. சுமார் எட்டு வாரம் கடலில் மிதந்து, 2,000 கிலோமீட்டர் மேற்கே துவாலுவின் நுகுலாயிலாய் தீவில் கரை ஒதுங்கினார்கள். கூட வந்தவர்களில் சிலர் பிழைக்கவில்லை.

பிழைத்து எழுந்த எலெகானா அந்த மக்களுக்கு எழுத்தும் ஜெபமும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். சில மாதங்கள் கழித்து, முறையாகப் படித்துவிட்டு ஆசிரியர்களோடு திரும்பி வருகிறேன் என்று சமோவாவுக்குப் போய், மாலுவா இறையியல் பள்ளியில் சேர்ந்தார். சொன்னபடி 1865ல் வந்தார். லண்டன் மிஷன் என்ற இங்கிலாந்து மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த மர்ரேயும் சமோவா ஆசிரியர்களும் கூட வந்தார்கள். இன்றும் மே மாதத்தில் ஒரு நாள் நாட்டுக்கே அரசு விடுமுறை. பெயரே நற்செய்தி நாள்.

நான் நாகர்கோவில். எங்கள் ஊருக்கு வந்த அதே லண்டன் மிஷனா?

அதேதான். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. 1806ல் லண்டன் மிஷனின் மிஷனரி ரிங்கல்தௌபே உங்கள் பக்கத்து மயிலாடிக்கு வருவதற்கு முன்பே, தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய வேதமாணிக்கம் அங்கே நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தார். துவாலுவில் அந்த இடம் எலெகானாவுக்கு.

1863ல் அடிமைக் கப்பல்கள் வந்தனவாமே?

ஆமாம், எழுதவே மனசு கனக்கிறது. பெருவிலிருந்து ஆள் பிடிக்க வந்தவர்கள் நுகுலாயிலாயில் சுமார் 250 பேரையும் இன்னொரு துவாலு தீவான ஃபுனாஃபுட்டியில் 171 பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். நுகுலாயிலாயின் மொத்த ஜனமே முந்நூறு இருக்கும். எலெகானா வந்து போன பிறகு, கடவுளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்ற ஆசை அந்த மக்களுக்கு இருந்தது. கப்பல்காரர்கள் அதையே தூண்டிலாக்கி, எங்களோடு வந்தால் வேதம் கற்றுத் தருவோம் என்றார்கள். போனவர்களில் அநேகமாக யாரும் திரும்பவில்லை. 1865ல் ஆசிரியர்கள் வந்து இறங்கியது மிச்சமிருந்த அந்தக் கொஞ்சம் பேரிடம்தான். சபையின் வளர்ச்சியைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சமோவாக்காரர்களால் எப்படி இவ்வளவு சீக்கிரம் வளர்க்க முடிந்தது?

இரண்டு மொழிகளும் உறவு மொழிகள், ஆகவே சமோவா வேதாகமத்தையே பயன்படுத்தினார்கள். போதகரே பள்ளிக்கூட வாத்தியாரும். அவர்கள் குடும்பத்தோடு தீவிலேயே தங்கினார்கள். மர்ரே போன்றவர்கள் கப்பலில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வடக்குத் தீவுகள் கொஞ்சம் முரண்டு பிடித்தன. ஆனாலும் 1870கள் முடிவதற்குள் அங்கேயும் சபை வந்துவிட்டது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் துவாலு மக்கள் சமோவா மொழியில்தான் ஜெபித்தார்கள். சபை தன்னாட்சி பெற்றது 1969ல். புதிய ஏற்பாடு அவர்கள் மொழியில் 1977ல் வந்தது, முழு வேதாகமம் 1987ல். எலெகானா கரையேறி 126 வருடம் கழித்து!

பழைய ஆட்டம் பாட்டெல்லாம் அழிந்து போனதா?

பல போயின. மிஷன் அவற்றைத் தடுத்தது. அது பெரிய இழப்பு. ஆனால் ஃபாத்தெலே என்ற கூட்டுப் பாட்டும் ஆட்டமும் நிலைத்தது. மெதுவாகத் தொடங்கி, போகப் போக வேகம் ஏறி, உச்சத்தில் சட்டென்று நிற்கும். வேதக் கதைகளையும் அதில் பாடுகிறார்கள்.

வேறு சபைகளுக்கு இடம் உண்டா?

உண்டு, ஆனால் சுலபமில்லை. துவாலுவின் நானுமங்கா தீவில் ஊர்ப் பெரியவர்கள் மன்றம் புதுத் திருச்சபை ஒன்றுக்குத் தடை போட, வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஊர் ஒற்றுமை குலையும் என்ற பயம் புரிகிறது. ஆனாலும் மனசாட்சியைக் கட்டாயப்படுத்தி வாங்கும் ஒற்றுமையை என்னால் ஆதரிக்க முடியாது.

கடல் மட்டம் உயர்கிறதே, சபை என்ன சொல்கிறது?

இனி வெள்ளத்தால் பூமியை அழிப்பதில்லை என்று நோவாவுக்குக் கடவுள் வானவில்லைக் காட்டி வாக்குக் கொடுத்தார் அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு, எங்கள் தீவு மூழ்காது என்று சொல்லும் பெரியவர்கள் அங்கே உண்டு. அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே வாக்கை எடுத்து, கடவுள் செய்யமாட்டேன் என்றதை மனிதர்களே செய்கிறார்கள் என்று வளர்ந்த நாடுகளிடம் நியாயம் கேட்பவர்களும் அதே சபையில் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவோடு 2023ல் போட்ட ஒப்பந்தப்படி வருடத்துக்கு 280 பேர் வரை அங்கே குடியேறலாம். போகிறவர்களுக்கு அங்கே போதகர் வேண்டும், தங்குகிறவர்களுக்குத் துவாலுவில் வேண்டும்.