பில் போடும் பெண்ணுக்கு என்ன சம்பளம்?

எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் ஒரே கவுன்டரில் நிற்கும் ஆணைவிடப் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு என்று அங்கு வேலை பார்ப்பவரே சொன்னார். நாங்கள் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? அந்தக் கடைக்குப் போகாமல் இருந்தால் போதுமா?
- வாசகி, ஈரோடு

நுகர்வோர் கோர்ட் இதை எடுத்துக்கொள்ளாது. பொருளில் குறை, சேவையில் குறைபாடு, கூடுதல் விலை போன்றவைதான் அங்கே புகாராகும். சம்பளப் பாகுபாட்டை முன்பு 1976-ம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம் தடுத்தது. 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பில் அதுவே 3-வது பிரிவு. அதன்படி 3 ஆண்டுக்குள் பாக்கியைக் கேட்டு அந்த ஊழியரோ அவருடைய பதிவுபெற்ற சங்கமோ மனு போடலாம்.

"அவர் சேல்ஸ்மேன், இவர் ஹெல்பர்" என்று கடையில் சொல்வார்கள். செய்கிற வேலை ஒரே தன்மையானது என்றால் பதவிப் பெயர் காப்பாற்றாது. மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியின் பெண் ஸ்டெனோகிராபர்கள் வழக்கில் 1987-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை.

சத்தமில்லாமல் கடையை மாற்றினால் முதலாளி வியாபாரம் மந்தம் என்றே நினைப்பார். ஆள் குறைப்பு அந்தப் பெண்கள் தலையிலேயே விழலாம். அதனால் ஒதுக்கலாமா என்று முதலில் அவர்களையே கேளுங்கள். சம்மதித்தால் இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்து, தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே கடிதம் கொடுங்கள். பழைய பில்களைக் கூட்டி, வருஷத்துக்கு எவ்வளவுக்கு எடுக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். கோரிக்கை ஒன்றே போதும்: ஒவ்வொரு வேலைக்கும் ஆண், பெண் சம்பளம் என்ன என்று ஊழியர்களுக்குத் தெரியும்படி ஒட்ட வேண்டும். பதிலுக்கு ஒரு தேதியும் வையுங்கள். எந்த மாடி, எந்த கவுன்டர், எத்தனை ரூபாய் என்று எழுதவே எழுதாதீர்கள். தகவல் சொன்னவர் யார் என்று மறுநாளே தெரிந்துவிடும்.

ஒழுங்காகச் சம்பளம் தரும் கடைகளைத் தேடிப் போவதும் பழைய, பலித்த வழி. நியூயார்க் நுகர்வோர் லீக் 1891-ல் வெளியிட்ட 'வெள்ளைப் பட்டியல்' அப்படிப்பட்டது. சம மதிப்புள்ள வேலைக்கு ஆண் பெண் பாராத சம ஊதியம் அவர்கள் வைத்த அளவுகோல்களில் ஒன்று. முதல் பட்டியலில் தேறியவை 8 கடைகள்தான். விற்பனைப் பெண்களுக்கு இருக்கை வேண்டும் என்பதும் அந்த அளவுகோலில் இருந்தது. நம் கடை ஊழியர்களின் உட்காரும் உரிமை தமிழ்நாட்டில் சட்டமானது 2021-ல்.

பெரிய கம்பெனிகளின் சம்பள விவரம் எங்கே கிடைக்கும்?
- வாசகர், திருச்சி

பங்குச் சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகள் ஆண்டறிக்கையோடு பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையும் தர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அதில் மனித உரிமை பற்றிய 5-வது கோட்பாட்டுக்குப் போங்கள். ஆண், பெண் இடைநிலைச் சம்பளமும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), மொத்தச் சம்பளத்தில் பெண்களுக்குப் போன சதவீதமும் இருக்கும். 'ஏ' பகுதியில் ஆள் கணக்கு உண்டு.

உதாரணத்துக்கு, 100 பேரில் 30 பேர் பெண்கள், சம்பளத்தில் அவர்கள் பங்கு 21 சதவீதம் என்று வையுங்கள். 21-ஐ 30-ஆல் வகுத்தால் 0.70; ஆண்களுக்கு 79-ஐ 70-ஆல் வகுத்தால் 1.13. 0.70-ஐ 1.13-ஆல் வகுத்தால் 0.62. அதாவது சராசரி ஆண் 100 ரூபாய் வாங்கும்போது பெண் வாங்குவது 62.

இதைப் பார்த்ததும் சட்டமீறல் என்று எழுதிவிடாதீர்கள். மேலாளர் பதவிகளில் ஆண்களே நிறைந்திருந்தாலும் இப்படித்தான் வரும். ஆண்டின் நடுவில் பெண்கள் நிறையப் பேர் சேர்ந்திருந்தாலும் கணக்கு சாயும். ஒரே கிரேடில் வித்தியாசம் எவ்வளவு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் இதில் சேர்ந்திருக்கிறார்களா என்று கம்பெனியிடம் கேளுங்கள். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்கலாம். கூட்டத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்பு நோட்டீஸ் வரும். பேசுவதற்குப் பெயர் கொடுக்கும் கடைசித் தேதி அதிலேயே இருக்கும், தவறவிடாதீர்கள்.

ஆண்கள் சம்பளத்தைக் குறைத்துச் சமமாக்கிவிட்டால்?
- வாசகி, சேலம்

முடியாது. சமப்படுத்துவதற்காக எவருடைய ஊதியத்தையும் குறைக்கக் கூடாது என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் அதே 3-வது பிரிவு சொல்கிறது. கடைக்குக் கொடுக்கும் கடிதத்தில் இந்த வரியையும் சேர்த்துவிடுங்கள். ஆண் ஊழியர்களும் தயங்காமல் கூட நிற்பார்கள்.