ஓவிய டீச்சர் பதில்கள்: அப்பளக் கட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: எட்டாம் வகுப்புக்குப் பாப் ஆர்ட் பற்றி நடத்த வேண்டும். இரண்டு பீரியட்தான் கிடைக்கும். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் சூப் டப்பா படத்தைப் போனில் காட்டினேன். பிள்ளைகள் சும்மா பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– ஓவிய ஆசிரியை, சேரன்மகாதேவி

பதில்: அந்தச் சும்மாப் பார்வையை நானும் பார்த்திருக்கிறேன் டீச்சர். அம்பாசமுத்திரம் பக்கம் வேலை பார்த்தபோது அதே சூப் டப்பாவை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பு முழுக்கக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னேன். பாதிப் பேர் அதைப் பெயிண்ட் டப்பா என்று நினைத்துவிட்டார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. அமெரிக்காவில் அது தெருமுனைக் கடைச் சரக்கு, நம் பிள்ளைகள் கண்ணால் கண்டதே கிடையாது. 'இது எங்க வீட்ல கெடக்கே!' என்று ஒரு திடுக்கிடல் வர வேண்டும். கடைச் சரக்கு, விளம்பரம், சினிமா என்று தினமும் கண்ணில் படுவதையே ஓவியமாக்குகிற பாப் ஆர்ட்டுக்கு அதுதான் உயிர்.

அடுத்த வருஷம் படத்தைக் காட்டவே இல்லை. "நாளைக்கு வரும்போது அடுப்படியிலிருந்து ஆளுக்கொரு காலிக் கவரோ டப்பாவோ கொண்டாங்க" என்றேன். கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டுத் தாள், தீப்பெட்டி, சீயக்காய்ப் பாக்கெட், அல்வா டப்பா மூடி, போவண்டோ பாட்டில் எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, கொண்டுவந்ததை நினைவிலிருந்து வரையச் சொன்னேன். ஒரு பிள்ளை தீப்பெட்டியில் மயில் வரைய ஆரம்பித்துப் பாதியில் பென்சிலை வைத்துவிட்டாள். "டீச்சர், தெனமும் வெளக்கு ஏத்துறது நாந்தான். மயிலு எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரியலயே!" அவள் பைக்குள் கையை விட்டு அந்தப் பெட்டியை எடுத்துப் பார்த்தாளே, அப்படி யாரும் ஒரு தீப்பெட்டியைப் பார்த்து நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு வார்ஹோலைக் காட்டினேன். 1962, லாஸ் ஏஞ்சலிஸ், ஃபெரஸ் காலரி. மொத்தம் 32 படங்கள். டப்பாவில் பெயர் இருக்கிற கேம்ப்பெல் கம்பெனி அப்போது விற்றுக்கொண்டிருந்த சூப் 32 வகை, வகைக்கு ஒரு படம். சூப்பின் பெயர்தான் முக்கியமாக மாறும். அத்தனையும் கையால் வரைந்தவை. டப்பாவின் அடியில் ஓடும் பூ வரிசையை மட்டும் அச்சு வைத்துக் குத்தியிருக்கிறார். இதைச் சொன்னதும் பின் பெஞ்சுப் பையன்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள், பூக்களில் எது கோணலாக விழுந்திருக்கிறது என்று பார்க்க.

இரண்டாவது பீரியடை அச்சடிக்க வைத்துக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் அவரவர் கொண்டுவந்த பொருளின் உருவத்தைப் பிளேடால் வெட்டியெடுக்க வேண்டும். பிளேடு பிடிப்பதை மட்டும் நீங்களே செய்யுங்கள். பிறகு ஸ்பாஞ்சில் வண்ணம் தொட்டு, ஒரே தாளில் பன்னிரண்டு முறை ஒற்ற வேண்டும். முதல் மயில் பளிச்சென்று விழும். ஐந்தாவதில் கழுத்து அப்பிக்கொள்ளும். ஒன்பதாவது வெளுத்துப் போகும். பிள்ளைகள் "கெட்டுப்போச்சு டீச்சர்" என்று தாளைக் கசக்கப் போவார்கள், விடாதீர்கள். அந்த நேரத்தில்தான் வார்ஹோலின் 'மர்லின் டிப்டிக்' படத்தைக் காட்ட வேண்டும். டிப்டிக் என்றால் இரண்டு பலகை சேர்ந்த படம்.

ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ 1962 ஆகஸ்டில் இறந்துபோனார். பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு சினிமா விளம்பரப் புகைப்படத்தை வைத்து, அடுத்த சில வாரங்களிலேயே வார்ஹோல் இதைச் செய்தார். ஸ்கிரீன் பிரிண்டிங், நம் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கும் மஞ்சப்பைக்கும் போடுகிறோமே, அதே முறைதான். ஒரே முகம் 50 தடவை. இடப்பக்கம் 25 கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில், வலப்பக்கம் 25 கறுப்பு வெள்ளையில். அந்தக் கறுப்பு வெள்ளை முகங்கள் ஒரு வரிசையில் மை அப்பி இருண்டுபோகின்றன, ஓரத்துக்குப் போகப் போக மங்கிக் கரைகின்றன.

நான் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் சொன்னான்: "கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாரி இருக்கு டீச்சர். எங்க தாத்தாவுக்குப் பஸ் ஸ்டாண்டு செவரு பூரா வரிசையா ஒட்டுனாங்க. மழை பேஞ்சு மொகம் எல்லாம் இப்படித்தான் போச்சு." வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. இத்தனை வருஷம் படித்த புத்தகங்களில் அந்தப் படத்தை இவ்வளவு சரியாகச் சொன்ன ஒரு வரியை நான் பார்த்ததில்லை. உங்கள் பிள்ளைகள் வேறு ஏதாவது சொல்வார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

கேள்வி: பாப் ஆர்ட் பிறந்தது அமெரிக்காவில்தானே?
– வாசகர், வீரவநல்லூர்

பதில்: தொடக்கம் லண்டன். பிரிட்டிஷ் கலைஞர் எடுவார்டோ பவலோட்சி 1947-லேயே பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டிய ஒரு தாளில் 'பாப்' என்ற சொல் இருக்கிறது. 1956-ல் இன்னொரு பிரிட்டிஷ் கலைஞர் ரிச்சர்ட் ஹாமில்டன் அதேபோல் ஒட்டிச் செய்த வரவேற்பறைப் படம்தான் பலரும் முதலில் காட்டுவது. அமெரிக்கா அதைப் பெரிதாக்கியது.

கேள்வி: என் மகள் பள்ளி வேலை என்று தீப்பெட்டி லேபிளைப் பார்த்து வரைகிறாள். இது காப்பி அடிப்பதுதானே? இயற்கைக் காட்சி சொல்லிக்கொடுத்தால் ஆகாதா?
– ஒரு தந்தை, பேட்டை

பதில்: இயற்கைக் காட்சி என்றால் பிள்ளைகள் என்ன வரைகிறார்கள் என்று பாருங்கள் ஐயா. இரண்டு முக்கோண மலை, நடுவில் அரைச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. மேற்கே பொதிகை மலை நீலமாக நிற்கிற ஊரில் இருந்துகொண்டு யாரோ போட்ட முக்கோணத்தைத்தான் வரைகிறார்கள். அதுதான் காப்பி. உங்கள் மகள் ஒரு பொருளைக் கையில் வைத்து உற்றுப் பார்த்து வரைகிறாள். அந்தக் கண் பழகிவிட்டால் மலையையும் பார்த்து வரைவாள்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. அமெரிக்கப் பாப் ஆர்ட் ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் 1963-ல் வரைந்த 'வாம்!' என்ற பெரிய விமானச் சண்டைப் படம், இர்வ் நோவிக் என்பவர் வரைந்த ஒரு காமிக்ஸ் கட்டத்தை வைத்து உருவானது. லிக்டன்ஸ்டைன் அதை அப்படியே எடுக்கவில்லை, மாற்றினார், பெரிதாக்கினார், காமிக்ஸ் அச்சில் தெரியும் வண்ணப் புள்ளிகளையே ஓவியமாக்கினார். இருந்தாலும் பேரும் பணமும் ஒருவருக்கு, முதலில் வரைந்தவர் யாரென்று கேட்பாரில்லை என்றால் மனசு ஒப்பவில்லை. வகுப்பில் நான் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே கரும்பலகையில் எழுதுவேன். உங்கள் மகள் படத்துக்குக் கீழே, 'லேபிளை முதலில் வரைந்தவர் பெயர் தெரியவில்லை' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் காலண்டர் ஓவியர் கொண்டையராஜுவையும் பாப் ஆர்ட் ஓவியர் என்று சொல்லலாமா டீச்சர்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோவில்பட்டி

பதில்: கூடாதும்மா. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். பிறகு உங்கள் ஊரில் தங்கி அவர் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போய், பொட்டு வைத்து மாலை போடப்பட்ட படங்கள். பாப் ஆர்ட் ஓவியர்கள் கடைத்தெருவிலிருந்த படத்தைக் காலரிக்குக் கொண்டுபோனார்கள். இவர் வரைந்தது பூஜை அறைக்குப் போனது. அவருக்கு அவருடைய இடமே போதும், வெளியூர் முத்திரை வேண்டாம்.

உனக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆசையென்றால் அமெரிக்கப் பாப் ஆர்ட் ஓவியர் ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட்டைப் பார். நியூயார்க்கில் சாரத்தில் ஏறி நின்று விளம்பரப் பலகை வரைந்தவர், அதே கையோடு ஓவியத்துக்கு வந்தார். அவருடைய 'எஃப்-111' என்ற ஓவியம் 86 அடி நீளம். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் நம் ஊரில் சினிமா பேனர் வரைந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் டீச்சரிடம் சொல்லி ஒருவரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். உள்ளங்கை அளவு போட்டோவில் கட்டம் போட்டு முப்பது அடி முகமாக எப்படி ஏற்றினார் என்று கேளுங்கள். அவரிடம் இதையெல்லாம் கேட்டு ரொம்ப நாளாகியிருக்கும்.

கேள்வி: பெயிண்டுக்குப் பள்ளியில் காசில்லை. வேறு வழி?
– ஆசிரியர், களக்காடு

பதில்: போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையைக் கெட்டியாகக் காய்ச்சி, கோலத்துக்குக் கரைக்கும் காவிப்பொடியைக் குழைத்தால் அருமையான சிவப்பு. சுண்ணாம்பில் கலக்கும் நீலப்பொடியும் அப்படியே. லிக்டன்ஸ்டைன் மாதிரிப் புள்ளி வேண்டுமென்றால் தட்டையான பூந்திக் கரண்டியைத் தாளில் வைத்துத் துளைகளில் ஒற்றுங்கள். எக்ஸ்ரே ஃபிலிமை வீடுகளில் கேட்டால் தருவார்கள். நோயாளி பெயர் இருக்கும் மூலையை முதலில் வெட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் பசை காயுமுன் கழுவித் துணி கிளிப்பில் மாட்டி வைத்தால் 'பி' செக்‌ஷனுக்கும் அதே ஃபிலிம் ஆகும்.